மைசூர்க் கோவிலும் மணவாழ்வும்

பெங்களூரிலிருந்து மைசூருக்குச் செல்லும் இரயில் ஸ்ரீரங்கபட்டணத்தருகே காவிரியைக் கடக்கின்றது. குடகு மலையில் தோன்றி, அவ்விடத்தே இரு கிளையாகப் பிரிந்து ஒரு தீவை அணைத்து, மீண்டும் ஒன்றுகூடித் தமிழகம் நோக்கிச் செல்லும் அவ்வாற்றைக் கண்டவுடன் எங்கள் பெட்டியிலிருந்த தமிழர் சிலர் எழுந்து சன்னலண்டை வந்தனர். நாங்களும் எழுந்தோம். பிறந்த ஊரைவிட்டு நெடுந்தொலைவு சென்று வாழ்வோர்க்கு, ஊருக்கு வரும் தண்ணீரை வழியிலேயே சந்தித்துவிட்டது போன்ற மகிழ்ச்சி அப்போது உண்டாகின்றது.

ஆயினும் அம்முறை எங்கள் உள்ளம் அம்மகிழ்ச்சியில் முழுதும் தோயவில்லை. எங்கள் தங்கை மகளின் திருமணத்துக்காக நாங்கள் மைசூர் சென்றுகொண்டிருந்தோம். மணமகன், மங்களூரிலிருந்து வந்து இரண்டு தலைமுறையாக மைசூரில் வாழும் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. அவர்கள் வீட்டு மொழி கொங்கணி. பெண்ணோ தமிழ்ப் பெண். இருவரும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள். வேதம் ஒன்றே, மொழிதான் வேறு. “இவர்கள் எந்த மொழியில் செபம் சொல்லப் போகிறார்கள்? நாளைக்குப் பிறக்கும் குழந்தைக்கு எந்த மொழியில் சிலுவை அடையாளம் கற்றுக்கொடுப்பார்கள்?” என்று தங்கை தொலைபேசியில் பலமுறை கேட்டிருந்தாள். நாங்களும் எங்களால் இயன்ற ஆறுதலைக் கூறினோம். எனினும் அக்கேள்வி அவளைக் காட்டிலும் எங்களையே அதிகம் உறுத்தியது. அதன் காரணத்தைப் பின்னர் சொல்வோம்.

மைசூர் என்று நாம் வழங்கிவரும் நகரம் 2014ஆம் ஆண்டு நவம்பர் முதல் ‘மைசூரு’ என்று அரசாங்க ஏடுகளில் எழுதப்படுகின்றது. பெயர் சிறிது மாறியபோதிலும் ஊரின் அமைதி மாறிவிடவில்லை. அகன்ற வீதிகளும், நிழல் தரும் மரங்களும், தெற்கே சாமுண்டி மலையும், நடுவே 1912ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அரண்மனையும் காண்போர் மனத்தைக் கவர்கின்றன. முகூர்த்தத்துக்கு முந்திய மாலையில் மலர் வாங்குவதற்காகத் தேவராஜா மார்க்கெட்டுக்குச் சென்றோம். மைசூர் மல்லிகையின் மணம் வாயிலிலேயே எதிர்கொண்டது. பூக்கட்டும் மூதாட்டி, நாங்கள் பேசியதைக் கேட்டுத் தாமும் தமிழிலேயே விலை கூறினார். “கோவில் கல்யாணமா? பெண்ணுக்குத் தலைக்கு வைக்க இன்னும் ஒரு முழம் வைத்துக்கொள்ளுங்கள்” என்று கூறி, அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

மறுநாட்காலை அசோகா சாலை வழியே வடக்கு நோக்கிச் சென்றோம். அர்ச்சியசிஷ்ட பிலோமினம்மாள் பெயரால் வழங்கும் பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் வெகுதூரத்திலேயே தென்பட்டன. ஒவ்வொன்றும் 175 அடி உயரமுடையது. ஜெர்மனி தேசத்துக் கொலோன் நகரப் பேராலயத்தை நினைவூட்டும் கோத்திக் முறையில், டேலி என்னும் பிரெஞ்சுக்காரர் இதனை வகுத்தார். மேலிருந்து நோக்கினால் கட்டடம் முழுவதும் ஒரு சிலுவை வடிவம். நீண்ட தண்டுப் பகுதியில் மக்கள் அமர்கின்றனர்; இரு கரங்களும் பிரியுமிடத்துக்கு அப்பால் பீடம் அமைந்துள்ளது. கண்ணாடிச் சன்னல்களில் ஆண்டவருடைய பிறப்பும், கடைசி இராப்போசனமும், சிலுவைப் பாடும், உயிர்ப்பும் பல வண்ணங்களில் ஒளிர்கின்றன.

இவ்வாலயத்தின் வரலாறு நம் நாட்டுக்கே பெருமை தருவது. இவ்விடத்தில் 1843ஆம் ஆண்டு மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் ஒரு சிறு கோவில் எழுந்தது. மக்கள் தொகை பெருகவே அது போதாதாயிற்று. அரசரின் செயலாளராக விளங்கிய தம்பு செட்டியார், 1926ஆம் ஆண்டு பாப்பரசரின் பிரதிநிதி வாயிலாக அர்ச்சியசிஷ்டவளின் திருப்பண்டத்தைப் பெற்றார். அதன்பின் புதிய கோவிலுக்கு 1933ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் அடிக்கல் நாட்டியவர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார். சாமுண்டீசுவரியைக் குலதெய்வமாகக் கொண்ட அரசர், கிறிஸ்தவக் கோவிலுக்குக் கல் நாட்ட வந்தார். வந்ததோடு நில்லாமல் அரியதொரு கருத்தையும் மொழிந்தார். இப்புதிய கோவில் இரண்டு அடித்தளங்களின்மேல் உறுதியாக நிற்கும். ஒன்று தெய்வத்தின் இரக்கம், மற்றொன்று மனிதரின் நன்றியுணர்வு என்பது அவர் உரையின் சாரம். கோவிலுக்கென்று கூறிய அச்சொல் குடும்பத்துக்கும் எவ்வளவு பொருந்துகின்றது என்பதை அன்று நடந்தவற்றைக் கண்ட பின்னரே உணர்ந்தோம்.

மணியோசையுடன் பூசை தொடங்கிற்று. வாசகம் ஒன்று கன்னடத்தில், மற்றொன்று ஆங்கிலத்தில். பெண் வீட்டாருக்காகத் தமிழ்ப் பாட்டு ஒன்றும், பிள்ளை வீட்டாருக்காகக் கொங்கணிப் பாட்டு ஒன்றும் பாடினர். பிரசங்கம் செய்த குருவானவர், மணமக்கள் இருவரும் குடிபெயர்ந்த குடும்பத்தார் என்பதை மனத்திற்கொண்டு, ஆக்கில்லா பிரிஸ்கில்லா என்னும் தம்பதிகளின் வரலாற்றை எடுத்துக்கொண்டார்.

அவர்கள் உரோமையில் வாழ்ந்த யூதர்கள். யூதரெல்லாரும் அந்நகரைவிட்டு வெளியேற வேண்டும் என்று கிளாவுதியு சக்கரவர்த்தி கட்டளையிட்டபோது கொரிந்து நகருக்கு வந்தனர். கூடாரம் செய்வது அவர்கள் தொழில். அதே தொழிலையுடைய சின்னப்பர் அவர்கள் வீட்டிலேயே தங்கி வேலை செய்தார். பின்னர் அவ்விருவரும் எபேசு நகருக்குச் சென்றனர். மீண்டும் உரோமைக்கும் திரும்பினர். சென்றவிடமெல்லாம் அவர்கள் வீட்டில் சபை கூடியது. புதிய ஏற்பாட்டில் இவ்விருவர் பெயரும் எப்போதும் சேர்ந்தே வருகின்றது. கணவனை மட்டும் குறித்தோ மனைவியை மட்டும் குறித்தோ ஓரிடத்திலும் எழுதப்படவில்லை. “இவர்களுக்குச் சொந்த ஊர் என்று ஒன்று நிலைக்கவில்லை, ஆனால் போன ஊரிலெல்லாம் இவர்கள் வீடு கோவிலாயிற்று. வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்” என்றார் குருவானவர். கூட்டத்தில் பலர் புன்னகை செய்தனர். எங்களுக்குப் புன்னகை வரவில்லை.

பின்னர் மணமக்களின் சம்மதத்தைக் கேட்கும் சடங்கு நடந்தது. நம் முன்னோர் இவ்வனுமானத்தை ‘மெய்விவாகம்’ என்று அழைத்தனர். இதனைக் குறித்து நம்மிற் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. கோவிலில் குருவானவர்தாம் மணம் செய்துவைக்கிறார் என்று நாம் எண்ணுகிறோம். இலத்தீன் திருச்சபையின் போதனையோ, மணமக்களே ஒருவருக்கொருவர் இவ்வனுமானத்தை வழங்குகின்றனர் என்பது. குருவானவர் திருச்சபையின் பெயரால் அவர்கள் சம்மதத்தைக் கேட்டு ஏற்கும் சாட்சியாவார். மறைவாக நடந்த திருமணங்களால் பெண்களுக்கு நேர்ந்த தீங்குகளைத் தடுப்பதற்காக, 1563ஆம் ஆண்டு திரிதெந்தீன் சங்கம், பங்குக்குருவின் முன்னும் சாட்சிகளின் முன்னும் மணம் நடைபெறவேண்டும் என்று விதித்தது. அச்சட்டம் வந்த பின்னரும் மணமக்களின் சம்மதமே மணத்தின் உயிராக இருந்து வருகின்றது.

இது வெறும் சட்ட நுணுக்கமன்று. குருவானவர் சாட்சி சொல்லிவிட்டுத் தம் அறைக்குத் திரும்பிவிடுவார். உறவினர் விருந்துண்டு தத்தம் ஊருக்குச் செல்வர். அனுமானத்தை வழங்கிய இருவர் மட்டுமே அதன்பின் எஞ்சி நிற்பர். அவ்விருவரும் வீட்டில் விளக்கை ஏற்றாவிட்டால் வேறு யார் வந்து ஏற்றுவார்? சொந்த ஊரிலாவது பாட்டி உண்டு. அண்டை வீட்டார் உண்டு. மாலையில் கோவில் மணி கேட்கும். குடிபெயர்ந்தோர்க்கு அத்துணைகள் ஏதுமில்லை.

மோதிரம் மாற்றியபின் பிள்ளை பெண்ணுக்குத் தாலி கட்டினான். மங்களூர்க் கத்தோலிக்கரிடத்தில் தமக்கென்று வேறு வழக்கங்கள் உள்ளன. எனினும் பெண் வீட்டாரின் விருப்பத்துக்கு அவர்கள் மகிழ்ந்து இணங்கினர். தாலியில் ஒரு சிறு சிலுவை. தமிழ்க் கத்தோலிக்கரின் தாலியில் சிலுவை இடம்பெற்றதற்கும் ஒரு வரலாறு உண்டு. பாப்பரசரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் என்பவர், 1704ஆம் ஆண்டு, பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கிறிஸ்தவர் அணியலாகாது என்றும், சிலுவையோ ஆண்டவர் அல்லது தேவமாதாவின் உருவமோ உள்ள தாலியை அணியலாம் என்றும் கட்டளையிட்டார். அக்கட்டளையின் வேறு பல பகுதிகள் நெடுங்காலம் பெரும் வாதத்துக்கு இடமாயின. தாலியோ நம் வழக்கத்தில் நிலைத்துவிட்டது. கயிறு நம் நாட்டது. சிலுவை நம் விசுவாசத்தது. ஒன்று மற்றொன்றை அறுத்துவிடவில்லை. இதைக் கண்டபோது தங்கையின் அச்சம் சிறிது குறைந்திருக்குமென்று எண்ணி அவளை நோக்கினோம். அவள் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்ததும் மணமக்கள் பீடத்தின் கீழேயுள்ள நிலவறைக்குச் சென்றனர், நாங்களும் பின்தொடர்ந்தோம். படிகளில் இறங்கியதும் சாய்ந்து படுத்த நிலையில் அர்ச்சியசிஷ்டவளின் சுரூபம் காணப்படுகின்றது. வெளியேறும் குறுகிய வழியில் பெயர்கள் பொறித்த பளிங்குப் பலகைகள் பல பதிக்கப்பட்டுள்ளன.

பிலோமினம்மாளின் வரலாற்றில் நாம் உறுதியாக அறிந்தவை மிகச் சில. 1802ஆம் ஆண்டு உரோமையில் பிரிஸ்கில்லா பெயரால் வழங்கும் நிலத்தடிக் கல்லறைகளில், அவள் பெயரும் சமாதான வாழ்த்தும் எழுதிய ஓடுகளின் பின்னே இளம்பெண் ஒருத்தியின் எலும்புகள் கிடைத்தன. அவள் ஓர் அரசகுமாரி என்றும், சக்கரவர்த்தியை மணக்க மறுத்ததனால் கொல்லப்பட்டாள் என்றும் வழங்கும் கதை பிற்காலத்துப் பக்தியிற் பிறந்தது. வரலாற்றுச் சான்று போதாமையால் 1961ஆம் ஆண்டு உரோமை அவள் திருநாளைப் பஞ்சாங்கத்திலிருந்து நீக்கியது. எனினும் பக்தியுள்ள மக்கள் வருவது நிற்கவில்லை. இந்நாளில் இப்பேராலயம் சூசையப்பர் பெயரையும் சேர்த்து வழங்கப்பெறுகின்றது.

மணம் மறுத்தவளாகப் போற்றப்படும் ஒரு கன்னியின் முன் புதுமணத் தம்பதிகள் முழந்தாளிடுவது முதலில் எங்களுக்கு விந்தையாகத் தோன்றியது. சிறிது சிந்தித்தபின் அவ்விந்தை நீங்கிற்று. அக்கதை திருமணத்தை இழிவு செய்யவில்லை. அரச வாழ்வேயாயினும் அதைக் கடவுளுக்கு மேலாக வைக்கலாகாது என்பதே அதன் உட்பொருள். கணவன் மனைவியையோ மனைவி கணவனையோ கடவுளின் இடத்தில் அமர்த்தினால் அச்சுமையை எந்த மனிதராலும் தாங்க முடியாது. நோயில் தளர்வோம், வேலையில் தோற்போம், சொல்லத்தகாததைச் சொல்லிவிடுவோம். நடுவிடம் ஆண்டவருக்கென்று விடப்பட்ட வீட்டில்தான் இருவரும் குறையுள்ள மனிதராக இருக்கத் துணிவு பெறுகின்றனர். அரசர் கூறிய முதல் அடித்தளமாகிய தெய்வ இரக்கம் என்பது இதுதான் போலும்.

இனி நாங்கள் மறைத்த செய்தியைச் சொல்லவேண்டும்.

எங்களுக்குத் திருமணமாகி இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. அயலூருக்குக் குடிபோன தொடக்கத்தில் ஒவ்வோர் இரவும் சேர்ந்து செபமாலை சொல்லிவந்தோம். பின்னர் ஒருவருக்கு இரவு வேலை வந்தது. மற்றவருக்கு விடியற்காலை வேலை. முதலில் செபமாலை பத்து மணியாகக் குறைந்தது. பின்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றாயிற்று. பின்பு அதுவும் நின்றது. நிறுத்திவிடுவோம் என்று நாங்கள் ஒருநாளும் தீர்மானிக்கவில்லை. ஊருக்குப் பணம் அனுப்புவது பற்றி எழுந்த ஒரு வாக்குவாதத்துக்குப் பின் பல வாரங்கள், குழந்தைகள் முன்னிலையில் மட்டும் பேசிக்கொண்டோம். அக்காலத்தும் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குச் சென்றோம். பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்தோம். எங்களைக் கண்டவர் நல்ல தம்பதிகள் என்றே சொல்லியிருப்பர். நாளடைவில் பேச்சு திரும்பியது, செபம் திரும்பவில்லை. எந்த மொழியில் செபம் சொல்வார்கள் என்று தங்கை கேட்டபோது நாங்கள் குறுகியது இதனால்தான். ஒரே மொழி பேசும் நாங்கள் எந்த மொழியிலும் சேர்ந்து செபிக்கவில்லை.

மறுநாட்காலை மணமக்கள் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டனர். மணமகனுடைய பாட்டியம்மாள் எலும்பு முறிவினால் அங்கே படுத்திருந்தார். திருமணத்துக்கு வர இயலாத அவரிடம் ஆசி பெறவேண்டும். நாங்களும் உடன்சென்றோம். மண்டி மொகல்லாவிலுள்ள அவ்வாஸ்பத்திரி 1906ஆம் ஆண்டில் வெஸ்லியன் மிஷனாரால் நிறுவப்பட்டது. மிஷன் போதகர் ஒருவரின் மனைவியான மேரி கால்வர்ட் ஹோல்ட்ஸ்வொர்த் அம்மையாரின் நினைவாக அது பெயர் பெற்றுள்ளது. இன்று தென்னிந்தியத் திருச்சபையின் பொறுப்பில் நடைபெறுகின்றது. மனைவியை இழந்த துயரத்தில் கல்லறை எழுப்புவோர் பலர். இங்கே ஓர் அம்மையாரின் பெயர், நூறாண்டுகளுக்கு மேலாக எத்தனையோ தாய்மார் பிள்ளை பெற்றுச் சுகமாக வீடு திரும்பிய இடத்துக்கு நிற்கின்றது. சபை வேறாயினும் அதனை நினைந்து வணங்கினோம்.

பாட்டியம்மாள் தமிழ் அறியார். பேரன் மனைவியைக் கைப்பிடித்து அருகில் அமர்த்தி, முகத்தைத் தடவி, கொங்கணியில் ஏதோ கூறினார். பின்னர் தலையணையின் கீழிருந்து செபமாலையை எடுத்து, “நமான் மரியே” என்று தொடங்கினார். மங்கள வார்த்தை செபம் இரு பாதியாக அமைந்தது என்பதை நாமெல்லாரும் அறிவோம். முற்பாதியை ஒருவர் சொல்லப் பிற்பாதியை மற்றவர் சொல்வதே வழக்கம். பாட்டியம்மாள் தம் பாதியைச் சொல்லி நிறுத்தினார். மணமகன் மறுமொழி கூற வாயெடுக்குமுன், எங்கள் பெண் பிற்பாதியைத் தமிழிலே சொன்னாள். அவள் தயங்கவுமில்லை, யாரையும் நோக்கி இசைவு கேட்கவுமில்லை. பாட்டியம்மாள் ஒரு கணம் அவளைப் பார்த்தார். தலையசைத்துவிட்டு அடுத்த மணிக்குச் சென்றார். இவ்வாறு பத்து மணிகளும் முற்பாதி கொங்கணியிலும் பிற்பாதி தமிழிலுமாக முடிந்தன. கடைசி மணிகளில் மணமகனும் தமிழில் சொல்ல முயன்று இரண்டு இடங்களில் பிழை செய்தான். பாட்டியம்மாள் சிரித்துவிட்டார்.

அறையின் ஓரத்தில் நின்றிருந்த தங்கை எங்களை நோக்கினாள். அவள் மாதக்கணக்காகக் கேட்டுவந்த கேள்விக்கு விடை அங்கே கிடைத்துவிட்டது. செபமாலையே இருவர் சொல்வதற்கென்று அமைந்தது போலும். ஒருவர் பாதி சொல்லி நிறுத்துவார். மற்றவர் மறுபாதியைத் தரவேண்டும். தராவிட்டால் அது அந்தரத்தில் நிற்கும். சினந்திருக்கும் நாளிலும், சினமூட்டியவரின் குரலுக்கு மறுகுரல் கொடுத்தே ஆகவேண்டும். ஆண்டவரை நடுவில் வைப்பது என்று பெரிதாகப் பேசுகிறோமே, அது அன்றாடத்தில் இவ்வளவு சிறிய செயலாகவே தொடங்குகின்றது.

ஆசி பெற்றுத் திரும்பும்போது பெண் எங்களிடம், “பெரியப்பா, பெரியம்மா, நீங்கள் இருவரும் வீட்டில் எப்போது செபம் சொல்வீர்கள்? இரவிலா, காலையிலா?” என்று கள்ளமின்றிக் கேட்டாள். உண்மையைச் சொல்லிவிட்டோம். அவள் எங்களைக் குறைகூறவில்லை. “நேரம் ஒத்துவராவிட்டால் ஒரு மங்கள வார்த்தையாவது சொல்லலாமே, பெரியம்மா. வேலைக்குப் புறப்படுகிறவர் வாசலில் நின்று சொன்னாலும் போதாதா?” என்றாள். மணமாகி ஒரு நாளே ஆன பெண், இருபத்தாறு ஆண்டு மணவாழ்வுக்கு வழி சொன்னாள்.

அன்று மாலை ஊர் திரும்புமுன் மீண்டும் ஒருமுறை பேராலயத்துக்குச் சென்றோம். நிலவறையின் குறுகிய வழியில் நின்று, முதல்நாள் அவசரத்தில் கவனியாமல் விட்ட பளிங்குப் பலகைகளைப் பார்த்தோம். பல மொழியார், பல ஊரார் பெயர்கள். அரசர் கூறிய இரண்டாம் அடித்தளமாகிய நன்றியுணர்வு அங்கே கல்லாகவே பதிந்திருப்பதைக் கண்டோம். இருபத்தாறு ஆண்டுகளில் நாங்கள் ஒருவருக்கொருவர் நன்றி என்று சொன்ன நாட்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தோம்; விரல்விட்டு எண்ணக்கூடியனவாகவே இருந்தன. சமைத்ததற்கும், சம்பாதித்ததற்கும், நோயில் விழித்திருந்ததற்கும், மன்னித்ததற்கும் நன்றி சொல்லாமலே காலம் சென்றிருக்கின்றது. கடவுளிடம் இரக்கம் வேண்டும் நாம், பக்கத்திலிருப்பவருக்கு நன்றி சொல்ல ஏனோ நாணுகிறோம்.

இரவு இரயில் காவிரியைக் கடந்தபோது வெளியே இருள் சூழ்ந்திருந்தது, ஆறு தெரியவில்லை. பாலத்தின் ஓசையால் மட்டுமே அதனை அறிந்தோம். எதிர் இருக்கையில் இருந்தவர் உறங்கிவிட்டார். எங்களில் ஒருவர் தாழ்ந்த குரலில் மங்கள வார்த்தையின் முற்பாதியைச் சொன்னார். நெடுநாட் பழக்கமின்மையால் மற்றவர்க்குத் தொண்டை அடைத்தது. சிறிது தாமதித்தே மறுபாதி வந்தது, ஆயினும் வந்தது.

அயலூரில் வாழும் அன்பர்களே, உங்கள் வீட்டிலும் எங்கள் வீட்டைப்போல் செபம் நின்றுபோயிருந்தால், அதற்காக வருந்திக் காலம் கடத்தாதீர்கள். நீண்ட செபங்களைத் திட்டமிடவும் வேண்டாம். இன்றிரவு ஒருவர் பாதியைச் சொல்லுங்கள்; மற்றவர் மறுபாதியைத் தருவார். ஆக்கில்லா பிரிஸ்கில்லாவின் வீட்டைக் காத்த ஆண்டவர் நம் வாடகை வீடுகளையும் காப்பாராக.